பழசு-2-தொடாதே

வெருலத்தில் தண்ணீர் வருவது
இரவு ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில்.
வந்தால்.
சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு
அடியில் தகர வாளி வைத்திருக்கிறேன்.
பிளாஸ்டிக் என்றால் சத்தம் போதாது,
தூங்கிப்போவேன்.

மடிக்கணினியில் நானூற்றுப் பதினேழு கோப்புகள்.
ஜோஜோ தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று
கைபேசிக்குச் சொல்லும் ஒரு சின்னக் கருவி;
அதைச் செய்வதெப்படி, பூட்டுவதெப்படி,
எறும்பு புகுந்தால் என்ன செய்வது.
எழுதியவர்கள் முப்பத்தொரு பேர்.
யாருக்கும் சம்பளமில்லை,
ஆகவே யாரும் யாருக்கும் அடங்கியதுமில்லை.

டைரக்டரிக்குத் தமிழில் அடைவு என்று பெயர்.
இதற்குள் போய்
எதையும் அடைந்தவர் இதுவரை இல்லை.
வழிகாட்டிக்குள் வழிகாட்டி-புதியது,
அதற்குள் புதியது-உண்மையிலேயே.
பிறகு 'இதர'.
கோப்புகளில் பாதி அதில்தான்.
அப்படியானால் எதற்கு எது இதர?

பூபாலன் வைத்த பெயர்கள்.
இப்போது பெர்த்தில் இருக்கிறான்,
கேட்டால் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்புகிறான்.
ஆனால் தேதிகளைப் பார்த்தேன்:
வெள்ளம் வடிந்த வாரம்.
பாலமில்லை, குழாயில்லை,
ஒரே ராத்திரியில் பதினெட்டுக் கோப்புகள் எழுதியிருக்கிறான்.
எங்கே வைப்பதென்று
அன்றைக்கு யார் யோசிப்பார்கள்.

நோம்வேலோவுக்கும் எனக்கும் மூன்று வாரச் சண்டை.
கருவியின் உறுப்பு வாரியாக அடுக்கலாம் என்றேன்:
உணரி, பலகை, மின்கலம்.
தொட்டி முன்னால் நிற்கிறவருக்கு
உணரியைத் தெரியாது, என்றாள்,
பூஜ்யம் தெரியும்.
அவள் ஜெயித்தாள். இப்போதைய கோப்புறைகள்:
பூட்டுதல்.
பூஜ்யம் காட்டுகிறது.
பொய் காட்டுகிறது.
ஒன்றுமே காட்டவில்லை.

வெட்டி ஒட்டினால் வரலாறு அறுந்துவிடும்.
நகர்த்தினால் கூடவே வரும்,
யார், எப்போது, எந்த எழுத்துப் பிழையோடு.
ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.
கடைசியில் 'இதர'வின் அடியில்
பழசு-2-தொடாதே.
உள்ளே ஒரே கோப்பு, எட்டு வரி.
தொட்டேன்.
அழித்தேன்.
ஒன்று நாற்பதுக்கு எல்லாவற்றையும் ஏற்றினேன்.
வீடு பெருக்கி முடித்தது போல
கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஒரு படம் வந்தது.
டோங்காட் கிளினிக்கின் இரவுக் காவலர் லுங்கெலோ.
டார்ச் வெளிச்சத்தில் பச்சைத் தொட்டி,
அதன் வயிற்றில் ஓரம் பிய்ந்த ஸ்டிக்கர்,
'உதவிக்கு' என்று போட்டு
அதன் கீழே
தொடாதே வரைக்கும் முழு முகவரி.
எழுதியிருந்தார்:
பக்கம் இல்லை என்கிறது.
தண்ணீரும் இல்லை என்கிறது.
இரண்டில் எது பொய்?

அறுநூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர்கள்.
அச்சடிக்கக் காசு கொடுத்தவள் நான்.
அப்போதாவது
முகவரியை ஒரு தடவை வாசித்திருக்கலாம்.

திரும்ப உருவாக்கினேன் அந்த அசிங்கத்தை,
கோடு மாறாமல், அந்த இரண்டோடு.
உள்ளே ஒரே வரி:
நீங்கள் தேடுவது 'பூஜ்யம் காட்டுகிறது' பகுதியில்.
தூங்காத நோம்வேலோ கேட்டாள்,
இதை எப்போது எடுக்கப்போகிறோம்?
கடைசித் தொட்டி வெடிக்கும்போது.

குழாய் இருமியது.
காற்று, காற்று,
பிறகு செம்மண் நிறத்தில் ஒரு கயிறு.
தகரம் கத்தியது.
முதல் வாளி கழிவறைக்கு,
இரண்டாவது தெளியட்டும் என்று ஓரமாக வைத்து,
மூன்றாவதைத் தூக்கும்போது
மேசையில் திரை எரிந்தது.

பக்கம் இப்போது வருகிறது, நன்றி.
ஏணி போட்டு மூடியைத் திறந்தும் பார்த்துவிட்டேன்.
கருவி சரியாகத்தான் சொல்கிறது.

கை ஈரம்.
விரலைத் திரைக்கு அடையாளம் தெரியவில்லை.
பின்னால் வாளி வழிகிறது.